பதினோரு இடத்தில் முரட்டு

காசிமேடு
18.11.2024

சாலமோன் தம்பிக்கு,

நர்மதா சொல்றது. எழுதறது நா இல்ல, ஜெராக்ஸ் கடை ராமசெல்வி. எனக்குக் கையெழுத்து போட மட்டும்தான் வரும், அது உனக்கே தெரியும். நல்ல தமிழா மாத்தி எழுதட்டா அக்கான்னு கேட்டா. வோணாம்மா, நாங்க பேசறத்த அப்டியே கதைல போட்டுத்தான் அவரு பேரு வாங்கிகீறாரு, பேசற மாரியே எழுது, அவருக்குப் புரியும்னுட்டேன்.

நாபகம் கீதா? ஐஸ் மிஷினுக்கு எதிர்க்க, நீலக் கதவு வூடு. மாடி ரூம்ல ஒண்ணர வருசம் குடியிருந்தியே. வரச்சொல்ல ஒரு பாயும் ரெண்டு மூட்ட பொஸ்தகமும் கொணாந்த. மொத வாரம் ஐஸ் ஒடைக்கிற சத்தத்துல தூக்கம் வர்லன்னு காதுல பஞ்ச வெச்சிகினு சுத்தின. மூணாவது மாசம், சத்தம் நின்னாதான் அக்கா முழிப்பு வருதுன்ன. காரப்பொடி மீன முள்ளோட துண்ணக் கத்துக்குடுத்தது நாந்தான். மொத நாளு தொண்டைல மாட்டிகினு நீ முழிச்ச முழி இன்னும் கண்ணுல நிக்குது. போவச்சொல்ல மட்டும் சொல்லிக்காம போய்ட்ட. ஏதோ அவசரம் போலன்னு வுட்டுட்டேன். எங்க வூட்டுக்காரு தேசிங்குதான் ஒரு மாசம் கேட்டுகினே இருந்தாரு, மாடி தம்பி இன்னும் வர்லியான்னு.

வெசயத்துக்கு வரேன். கீர்த்தி இப்ப காலேஜு ரெண்டாம் வருசம். நீ இருக்கச்சொல்ல ஆறாவது படிச்சிகினு இருந்தா. அவளுக்குத் தமிழ்ப் பாடத்துல ஒரு கதை வெச்சிகீறாங்க. 'ஐஸ் உடைப்பவன்'. பொஸ்தகத்துக்குப் பின்னாடி அட்டைல உம் போட்டோ. மாடி ரூம் அண்ணன் எழுதனதும்மான்னு ஆசையா தூக்கினு வந்தா. எனக்கும் பெருமைதான். மீன் விக்கற எடத்துல நாலு பேருகிட்ட சொன்னேன், அதுல ரெண்டு பேரு நம்பல.

படிச்சா. படிச்சிட்டு அன்னிக்கு சோறு துண்ணல. என் எடது கைய இஸ்து இப்டி அப்டி திருப்பிப் பாத்தா. பொறங்கைல தோலு வழவழன்னு கீதே, அங்க. மூணு மாசம் ஆவுது, அன்னிலேர்ந்து அவ நைனாகூட பேசறத்த நிறுத்திட்டா. அவருக்கு ஐஸ் மிஷின் வேலைல பக்கத்துலயே நின்னு நின்னு காது மந்தம். பொண்ணு பேசலங்கறதே அவருக்குத் தெரியல. ரெண்டு வாரம் கழிச்சி எங்கிட்ட வந்து, நர்மதா, என் காது சுத்தமா போச்சி போலகீது, கீர்த்தி பேசறது ஒண்ணுமே வுழலன்னாரு.

போன வாரம் பரீச்ச. அதுல வந்த கேள்விய ராமசெல்வி பேப்பரப் பாத்து எழுதறா: "'ஐஸ் உடைப்பவன்' சிறுகதையில் 'முரட்டு' என்னும் அடைமொழி இடத்துக்கு இடம் எவ்வாறு பொருள்படுகிறது என்பதைச் சான்றுகளுடன் விளக்குக." பத்து மார்க்கு. பதினோரு எடத்துல போட்டுகீறியாம். அந்த ஆளோட துண்டு முரட்டு, வெரலு முரட்டு, கொரலு முரட்டு. அந்த முரட்டு ஆளு பொண்டாட்டி கைய கொதிக்கிற தண்ணில அமுக்கறான். நீலக் கதவையும் போட்டுகீற, மந்தக் காதையும் போட்டுகீற, என் மூக்குத்தியக்கூட வுடல. பெத்த நைனாவப் பத்தி மார்க்குக்கு எழுதுன்னா எந்தப் பொண்ணு எழுதுவா? பேப்பர மூடிக் குடுத்துட்டு வெளில வந்துட்டா.

என் கை வெந்த அன்னிக்கு நடந்தது இன்னான்னு உனக்கே தெரியும். தெரிஞ்சிகினே ஏன் மாத்தி எழுதின? கதைக்குக் காரம் வோணும்னா எங்க வூட்டு ஆளுதான் கெடச்சாரா? நா அவகிட்ட சொல்லிப் பாத்துட்டேன். எல்லா அம்மாவும் இப்டிதாம்மா மறைப்பாங்க, அதுவும் அந்தக் கதைலயே கீதுன்றா. அச்சுல வந்தது ஜெயிக்குது, பெத்தவ தோக்குறா. அதனால நீயே எழுது. அது நா கட்டி எழுதனதுன்னு ஒரே ஒரு வரி. அத்த அவகிட்ட காட்டணும்.

இப்படிக்கு,
நர்மதா


திருச்சி
26.11.2024

அன்புள்ள நர்மதா அக்காவுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் பதிப்பகம் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தது. காரப்பொடி முள்ளைப் படித்தபோது சிரித்தேன். அதற்குப் பிறகு சிரிக்க முடியவில்லை.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கதையில் வருகிறவன் பெயர் மாரி. அவன் தேசிங்கு அண்ணன் இல்லை. எழுதுகிறவன் நாலு பேரைக் குழைத்து ஒருவனைச் செய்கிறான். கதவும் மூக்குத்தியும் கையில் கிடைத்த மண், அவ்வளவுதான்.

அந்தச் சொல்லைப் பற்றிக் கோபப்பட்டிருக்கிறீர்கள். அதை நான் கைக்கு வந்தபடி போடவில்லை. முதல் பத்தியில் அது வெறும் துண்டுக்கு வருகிறது. பிறகு விரலுக்கு, குரலுக்கு, பிடிக்கு. நடுவில் 'முரட்டு மௌனம்' என்று வரும் இடத்தில் வாசகன் சற்று நின்றுவிடுவான். கடைசி வரியில் 'முரட்டு அன்பு'. துண்டில் தொடங்கிய சொல் மனசுக்குள் போய் முடிகிறது. எல்லோரும் தினம் வாயில் போட்டு மெல்லுகிற ஒரு சாதாரணச் சொல்லை ஒரு கதை எவ்வளவு தூரம் நடத்திப் போகலாம் என்று பார்க்க ஆசைப்பட்டேன். பாடமாக வைத்ததே அதற்காகத்தான் என்று சொன்னார்கள்.

ஆனால் நீங்கள் கேட்கிற ஒரு வரியை மட்டும் என்னால் எழுதித் தர முடியாது அக்கா. இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இரண்டு நாள் கடிதத்தை வைத்துக்கொண்டே இருந்தேன். நான் கட்டவில்லை. பார்த்தேன். அன்று சாயங்காலம் உங்கள் அலறல் கேட்டு ஜன்னலைத் திறந்தேன். கீழே பின்பக்கம் அண்ணன் உங்கள் கையைப் பிடித்து, ஆவி பறக்கிற அண்டாவுக்குள் அமுக்கிக்கொண்டிருந்தார். விடு, விடு என்று கதறினீர்கள். அவர் விடவில்லை. அதற்கப்புறம் அந்த வீட்டில் என்னால் இருக்க முடியவில்லை. சொல்லிக்கொள்ளாமல் வந்ததும் அதனால்தான்.

உங்களுக்காகத்தான் அந்தக் கதையை எழுதினேன். நீங்கள் இன்னும் அவரை மறைத்துப் பேசுவதில் எனக்குக் கோபம் இல்லை. உங்கள் நிலைமை அப்படி. ஆனால் கீர்த்தி வளர்ந்த பெண். அவளுக்குப் புரிந்துவிட்டது. அவளிடமாவது மறைக்காதீர்கள்.

அன்புடன்,
சாலமோன்


காசிமேடு
6.12.2024

சாலமோனுக்கு,

தம்பின்னு போடட்டான்னு ராமசெல்வி ரெண்டு தபா கேட்டா. வோணாம்னுட்டேன்.

புயலு மழைல போட்டுங்க எதுவும் கடலுக்குப் போவல, யாவாரம் இல்ல. ஜெராக்ஸ் கடைலயே குந்தினு உன் லெட்டர நாலு தபா படிக்கச் சொல்லிக் கேட்டேன். மொத தபா ஒண்ணும் வெளங்கல. ரெண்டாவது தபாதான் ஒறச்சிது, அட, இவன் பொய் சொல்லல, நெசமாவே அப்டிதான் நெனச்சிகினுகீறான்னு. பொய் சொல்லியிருந்தாகூட தேவல. பொய் சொன்னவன்கிட்ட சண்ட போடலாம். எங்க வூட்டு சோத்த ஒண்ணர வருசம் துண்ணவன், எங்கள இப்டிதான் பாத்துகினு இருந்தானான்னு ஆயிடுச்சி.

மூணாவது தபா படிக்கச்சொல்ல கீர்த்தி வந்துட்டா. கைலேர்ந்து புடிங்கிப் படிச்சா. பாத்தவரே சொல்றாரும்மா, இன்னும் எதுக்கு மறைக்கறன்னா. நேரா வூட்டுக்குப் போயி துணிய பைல அடைச்சிகினு புழல்ல கீற என் தங்கச்சி வூட்டுக்குப் போய்ட்டா. இனிமே அந்த ஆளு மூஞ்சில முழிக்கமாட்டாளாம். அந்த ஆளு. நைனான்னு வாயில வர்ல அவளுக்கு. காலேஜும் வோணாம், எங்கனா வேலைக்குப் போறேன்றா. அவரு டெய்லி வாசல்ல குந்தி, பொண்ணுக்கு இன்னா கோவம், நா இன்னா பண்ணேன்னு கேக்கறாரு.

இப்ப கேளு. நடந்தத சொல்றேன்.

அன்னிக்கு ஏலத்துல கெளுத்தி எடுத்தேன். கெளுத்திய யாரு வாங்குவாங்கன்னு நெனைக்காத, ராயபுரத்துல அதுக்குன்னே ஆளு கீறாங்க. ஒரு வாத்தியாரு இருந்தாரு, கெளுத்தி இல்லன்னு சொன்னா பைய ஒதறி மடிச்சி பாக்கெட்ல வெச்சிகினு போய்டுவாரு, வஞ்சிரத்தக்கூட திரும்பிப் பாக்கமாட்டாரு. அது கெடக்கட்டும். வூட்டுக்குன்னு நாலு மீன எடுத்தாந்து பின்னாடி குந்தி ஆஞ்சிகினு இருந்தேன். ஒண்ணு இன்னும் சாவல. துள்ளுச்சி, முள்ளு என் எடது பொறங்கைல ஏறிடுச்சி. கெளுத்தி முள்ளு வெசம். தோள்பட்ட வரைக்கும் கடுக்கும், கடல்ல பொறந்து வளந்த ஆம்பளயே அழுவான். அதுக்குக் கைமருந்து சுடுதண்ணி. தாங்கற சூட்டுல கைய வெச்சிகினே இருந்தா கடுப்பு எறங்கும். வலில நாமளே கைய இஸ்துக்குவோம், அதனால ஒருத்தரு புடிச்சி அமுக்கணும். எண்ணூர்ல எங்க குப்பத்துல இது தெரியாத புள்ள கெடையாது.

என் பக்கத்துல எறா விக்கறாளே ஷரீஃபுன்னிசா, அவதான் அண்டால தண்ணி காய வெச்சா. அவரு மிஷின வுட்டுட்டு ஓடியாந்தாரு. மொதல்ல தன் கைய வுட்டு சூடு பாத்தாரு. பாத்துட்டுதான் என் கைய வெச்சாரு. வெச்சி, தன் ரெண்டு கையையும் என் கை மேல வெச்சி அமுக்கிகினாரு. ஆனா பத்தொம்பது வருசமா ஐஸ் பாறைய தூக்கற கை அது. மரத்துப் போன கை. தண்ணி எவ்ளோ சூடுன்னு அதுக்குத் தெரியல. அதான் நடந்த தப்பு. எனக்குத் தோலு உரிஞ்சிது, அவருக்கும் ரெண்டு கைலயும் கொப்புளம். மறுநாளு ரெண்டு கைலயும் துணிய சுத்திகினு வாசல்ல குந்தினு இருந்தாரு, நீ அவர தாண்டிதான் வெளில போன. என் கட்டு உன் கண்ணுல பட்டுச்சி, அவரு கட்டு படல. அன்னிலேர்ந்து குளிக்கிற தண்ணியக்கூட அவரு தொட்டுப் பாத்து சொல்லமாட்டாரு. கீர்த்தியக் கூப்ட்டு, நீ பாரும்மா, எனக்குத் தெரியாதும்பாரு.

அந்தக் கெளுத்தியத்தான் ஷரீஃபுன்னிசா கொழம்பு வெச்சி உனக்கும் ஒரு கிண்ணம் மாடிக்கு எடுத்தாந்தா. வாங்கித் துண்ண. கிண்ணத்தக்கூட கழுவிக் குடுத்த. அவள ஒரு வார்த்த கேட்டியா, கீழ இன்னா சத்தம்னு?

பதினோரு எடம்னு பெருமையா எழுதிகீறியே, ராமசெல்விய படிக்கச் சொல்லி ஒண்ணொண்ணா பாத்தேன். முரட்டுத் துண்டாம். அது கீர்த்திய கொழந்தைல தொடச்ச துண்டு, வண்ணாரப்பேட்டைல வாங்கினது, பஞ்சு மாரி இருக்கும். ஐஸ் தூக்கச்சொல்ல தோளுக்கு எதமா கீதுன்னு கேட்டு வாங்கினாரு. முரட்டுக் கொரலாம். காது கேக்காதவன் மெதுவாவா பேசுவான்? முரட்டு மௌனம்னு போட்டியே, நீ கேட்டது அவருக்கு வுழல, அவ்ளோதான். வெரலு முரடு, அத்த ஒத்துக்கறேன், பாளம் பாளமா வெடிச்சி கெடக்கும். பதினொண்ணுல ஒண்ணு தேறுச்சி. கடைசில அன்பு. அன்புக்கு எதுக்குப்பா முரட்டு? கைய வேக வெச்சவன்னா அது அன்பு இல்ல. அன்பா கீறவன்னா அவன் வேக வெக்கல. ரெண்டையும் ஒண்ணா முடிச்சி போட்டுட்டு அழகா கீதுன்ற. எழுதப் படிக்கத் தெரியாத எனக்கே அங்க ஏதோ ஏமாத்து நடக்குதுன்னு தெரியுது.

ஷரீஃபுன்னிசா புழலுக்கே போய் சொல்லிட்டு வந்துட்டா. நீங்க அம்மாவோட தோஸ்து, அப்டிதான் சொல்லுவீங்கன்னு அனுப்பிட்டா. உன் எழுத்தத்தான் நம்புவா. நீ இன்னா பாத்த, எவ்ளோ நேரம் பாத்த, அத்த மட்டும் எழுது. எம் பொண்ண எனக்காக கேக்கல. அவருக்காக கேக்கறேன்.

நர்மதா


திருச்சி
21.12.2024

அன்புள்ள அக்கா,

இந்தக் கடிதத்தை ஐந்து தடவை தொடங்கிக் கிழித்துவிட்டேன். கிறிஸ்துமஸ் வருகிறது, வாசலில் நட்சத்திரம் கட்டச் சொல்லி வீட்டில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கை ஓடவில்லை.

கெளுத்தி முள்ளில் விஷம் உண்டு என்பது எனக்குத் தெரியாது. இங்கே ஒரு டாக்டரைக் கேட்டேன். சுடுதண்ணீர்தான் முதலில் செய்ய வேண்டியது என்று அவரும் சொன்னார். உங்கள் வார்த்தை போதாமல் டாக்டரிடம் போனேன் என்பது இதை எழுதும்போதுதான் உறைக்கிறது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

பதிப்பாளரிடம் பேசிவிட்டேன். அடுத்த பதிப்பில் 'முரட்டு' பதினோரு இடத்திலும் இருக்காது. சில இடங்களில் சும்மா எடுத்துவிடலாம். சில இடங்களில் 'உறுதியான' என்றோ 'கனத்த' என்றோ மாற்றலாம். கல்லூரிக்கு எழுதுவது பற்றித்தான் இன்னும் முடிவுக்கு வரவில்லை. நான் பார்த்தது தவறு என்று எழுதினால் கதையைப் பாடத்திலிருந்து எடுத்துவிடுவார்கள். உங்கள் வீட்டில் நடக்காவிட்டாலும் வேறு எத்தனையோ வீடுகளில் நடக்கிறதே என்று தயங்குகிறேன். என் பெயரை நினைத்தும் தயங்குகிறேன். அதை மறைக்க விரும்பவில்லை.

கீர்த்திக்குத் தனித் தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். அதில் உள்ளது உங்களுக்கும் தெரியட்டும்:

"கீர்த்தி, நான் பார்த்தது பத்து எண்ணுகிற நேரம். அதற்கு முன்னால் நடந்ததைப் பார்க்கவில்லை. மீனைப் பார்க்கவில்லை. ஷரீஃபுன்னிசா அக்கா பக்கத்தில் நின்றாரா என்று கவனிக்கவில்லை. உன் அப்பாவின் கைகளும் அதே தண்ணீருக்குள்தான் இருந்தன என்பது எனக்குத் தெரியாது. ஒருவேளை கண்ணில் பட்டிருக்கும். எழுத உட்கார்ந்தபோது அது எனக்குத் தேவைப்படவில்லை. பத்து எண்ணியதும் ஜன்னலை மூடிவிட்டேன். மறுநாளும் யாரையும் கேட்கவில்லை. மீதியெல்லாம் நான் சேர்த்தது. உன் அம்மா சொல்வதை நம்பு."

அவள் வீடு திரும்பினால் எனக்கு ஒரு வரி போடுங்கள்.

சாலமோன்


காசிமேடு
7.1.2025

சாலமோனுக்கு,

கீர்த்தி வூட்டுக்கு வந்துட்டா. நீ கேட்ட ஒரு வரி அது. மீதி நானா சொல்றது.

உன் தாள எடுத்துகினு நானே புழலுக்குப் போனேன். பஸ்ல எம் மேல மீன் வாசன வருதுன்னு பக்கத்துல குந்தினு இருந்த பொம்பள எழுந்து முன்னாடி போய்ட்டா. போவட்டும், கால நீட்டி குந்திகினேன். ஏரில தண்ணி தளும்பிகினு கீது, அத்த பாத்துகினே போனேன். தங்கச்சி வூட்ல கீர்த்தி துணி மடிச்சிகினு இருந்தா. தாளக் குடுத்தேன். நின்னுகினே படிச்சா. அப்பால குந்திப் படிச்சா. மூணாவது தபா படிக்கச்சொல்ல மூஞ்சி மாறிச்சி. அழுவப் போறான்னு பாத்தேன். அழல.

"அம்மா, அவருக்கு மீனப் பத்தி தெரியாது, சரி. ஒரு ஆளு பொண்டாட்டி கைய வேக வெக்கறான்னுதான அவரு நெனச்சாரு? அப்டி நெனச்சிட்டா ஜன்னல மூடினாரு?"

நா அத்த யோசிக்கவே இல்ல. இத்த எழுதிகினு இருக்கற ராமசெல்வியும் பேனாவ வெச்சிட்டு என்ன பாக்கறா, அவளும் யோசிக்கலயாம். நீ தப்பா பாத்துட்டன்னுதான் இவ்ளோ நாளு எனக்குக் கோவம். பொண்ணு கோவம் வேற. நீ பாத்தது சரியாவே இருந்திருந்தா எங்கம்மா கதி இன்னான்றா. மாடிலேர்ந்து பன்னெண்டு படி. எண்ணிப் பாத்தேன், பன்னெண்டுதான். எறங்கி வந்திருந்தா மீனப் பாத்திருப்ப, முள்ளப் பாத்திருப்ப, தண்ணி ரொம்ப சூடு அண்ணேன்னு நீயே சொல்லியிருப்ப. என் கைல இந்தத் தழும்புகூட இருந்திருக்காது. ஷரீஃபுன்னிசா கையும் எறா ஐஸ்ல மரத்ததுதான். அன்னிக்கு அந்த வூட்ல சூடு தெரியற கை உனக்கு ஒருத்தனுக்குத்தான் இருந்துச்சி.

அந்த வார்த்தய எடுத்துடறேன்ற. உறுதியான வெரலால அமுக்கினா கை வேகாதா? வுடு, முரட்டுன்னே இருக்கட்டும். பதினோரு எடத்துலயும் இருக்கட்டும். கதையையும் எடுக்க வோணாம். அடி வாங்கற பொம்பளைங்க எங்க தெருவுலயே கீறாங்க, அது அவங்களுக்கு ஆவும்னா ஆவட்டும்.

ஞாயித்துக்கெழம அவரு வூட்லதான் இருந்தாரு. கீர்த்தி பொஸ்தகத்த எடுத்துகினு வந்து அவரு பக்கத்துல ஒட்டி குந்தினா. வோணாம்னு கண்ணக் காட்டினேன், கேக்கல. அவருக்கு வலது காதுல கொஞ்சம் வுழும். அதுல வாய வெச்சி மொத வரிலேர்ந்து கத்திப் படிக்க ஆரம்பிச்சா. அஞ்சு மாசமா பேசாதது மொத்தமும் அதுலயே வந்த மாரி இருந்துச்சி. ஷரீஃபுன்னிசா வந்து வாசப்படில குந்திகினா, தெருவுல போறவங்கல்லாம் நின்னு கேட்டாங்க. முரட்டுன்னு வர எடத்துலல்லாம் கீர்த்தி நிறுத்தி நிறுத்திப் படிச்சா. அவரு பொண்ணு மூஞ்சியவே பாத்துகினு தலைய ஆட்டினாரு. பொண்ணு கொரலு திரும்ப கேக்குதேன்றதுலயே பாதி கதை போயிருக்கும். ஒரு எடத்துலகூட அது தன்னப் பத்தின்னு அவருக்குத் தோணல. எப்டி தோணும்? அவருதான் அதுல இல்லியே.

முடிஞ்சிது. அவரு மூஞ்சி இறுகிப் போய் கீது. இப்டி ஒரு கோவத்த நா அவருகிட்ட பாத்தது இல்ல.

"இன்னாம்மா கதை இது. அந்தப் பொம்பள அவ்ளோ கத்துது. தெருவுல ஒருத்தனும் வர்லியா?"

வர்ல நைனான்னா.

"மாடில? மாடில கூடவா யாரும் குடி இல்ல?"

கீர்த்தி என்ன பாத்தா. அப்பால அவரு காதுல குனிஞ்சி, இருந்தாங்க நைனான்னா.

"இருந்துகினு இன்னா பண்ணாங்க?"

அது பொஸ்தகத்துல இல்ல. கீர்த்தி மூடி வெச்சிட்டா. ஏப்ரல்ல அந்தப் பரீச்சய திரும்ப எழுதறாளாம், அவளுக்கு இப்ப எழுத இன்னா இன்னாவோ கீது. ஆனா அவரு வுடல. வேலைக்குப் போவச்சொல்ல கேக்கறாரு, வந்து கஞ்சி குடிக்கச்சொல்ல கேக்கறாரு, மாடில இருந்தவங்க இன்னா பண்ணாங்கன்னு.

நீ எழுதி அனுப்பு. அவரு காதுல நானே கத்தி சொல்றேன்.

நர்மதா